முதல் கூடை

போன மாதம் நம் சபைக் கோயிலில் ஐயருக்கு நினைவுக் கூட்டம் நடத்தினீர்கள். பாதியில் மைக்கை என் கையில் திணித்து, "நீ அவரக் கிட்ட இருந்து பாத்தவன், ரெண்டு வார்த்த சொல்லுபா" என்றீர்கள். எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன். உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்துக் கை தட்டினீர்கள். துக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கப் பழகாதவன், சிரிப்பும் சேர்ந்துகொண்டால் என்ன செய்வேன்?

"ஊழியத்தில் உண்மையுள்ளவர், குடும்பத்தை உயிராய் நேசித்தவர்" என்று அதில் போட்டிருந்தீர்கள். ஐயரின் படம் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. கமிட்டிக்காரர்களான உங்கள் படங்கள் வரிசையாக, தலைக்குச் சாயம் பூசி, ஆளுயரத்துக்கு இருந்தன. அது கிடக்கட்டும். குடும்பத்தை நேசித்தவர் என்று எழுதினீர்களே, அந்தக் குற்றத்துக்காகத்தான் நம் அப்பன்மார் அவரை இந்த ஊரில் இருக்கவிடாமல் செய்தார்கள். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அஞ்சாவதோடு படிப்பை விட்டு அரிசி மண்டிக்குப் போனவன் நான். மேடையில் வராதது எழுத்தில் வருகிறதா பார்க்கிறேன். அச்சில் போடுவதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம்.

உங்கள் பிள்ளைகளெல்லாம் இப்போது பாஸ்டர் என்கிறார்கள். நமக்கு அப்போது போதகர் என்றால் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா. கோயிலை ஒட்டி அவர்கள் இருந்த ஓட்டு வீடு குருமனை. நாம் சின்ன வகுப்புகளில் படித்துக்கொண்டிருந்தபோது அந்தக் குடும்பம் மாற்றலாகி வந்தது. மூன்று பெண் பிள்ளைகள், கைக்குழந்தையாக ஒரு பையன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐயரின் பிரசங்கம் மகா மோசம். ஒரே சுருதியில் போகும். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அழுத்தினால் மேலே வராமல் நின்றுவிடுமே, அந்த மாதிரி. பாட்டில் சேர்ந்துகொண்டால் சபையே சுருதி விட்டு அவர் பின்னால் போகும். அவர் பேசும்போது பாயில் உட்கார்ந்தபடி நாம் தூங்கி விழுந்திருக்கிறோம். நினைவுக் கூட்டத்தில் ஒருவர், அவர் வாயைத் திறந்தால் அனல் பறக்கும் என்றார். அனல் பறந்தது, வெளியே ஊரை ஒட்டிய மலைப் பாறையிலிருந்து.

ஆனால் வேலைக்கு அஞ்சாதவர். செயின் கவர் இல்லாத ஒரு சைக்கிளில் தொண்டூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் போவார். நாலு வீட்டுச் சபைக்கும் போவார், ஒரே ஒரு கிழவி இருந்த ஊருக்கும் போவார். திரும்பி வரும்போது வெள்ளை வேட்டியின் வலது கால் பக்கம் கிரீஸ் கறையும் செம்மண்ணும் அப்பியிருக்கும். கிணற்றடியில் அந்த வேட்டியை அவரே துவைப்பார். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஐயரம்மாவின் புடவை, உள்பாவாடை, பிள்ளைகளின் கவுன், குழந்தையின் மூத்திரத் துணி என்று எல்லாவற்றையும் துவைத்துத் தெருவைப் பார்த்த கொடியில் காயப்போட்டார். நம் பெரியவர்களுக்கு அங்கேதான் வயிறு எரிய ஆரம்பித்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழையும் இல்லை, கார்த்திகை மழையும் இல்லை. தை மாதத்திலேயே குருமனைக் கிணறு வறண்டு, அடியில் தவளை கத்தியது. பஜாருக்குப் போகிற வழியில் இருந்த அடிபம்பில்தான் எல்லாருக்கும் தண்ணீர். பித்தளைக் குடம் குறைந்து பிளாஸ்டிக் குடம் வந்துகொண்டிருந்த சமயம். ஐயருடையது ரோஸ் கலர் குடம். அதை வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் நிற்பார். தன் முறை வந்ததும் பம்பை அடித்துத் தண்ணீர் பிடித்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பார். தோளில் வைக்கலாமே என்று கேட்பீர்கள். தோளில் குழந்தை இருக்கும்.

"தோ வர்றாருடி ஐயரம்மா" என்பாள் ஒருத்தி.

"கொசுவம் வெச்சிக் கட்டினா இன்னும் நல்லாயிருக்கும்" என்பாள் இன்னொருத்தி.

அவர் காதில் அது விழும். "வரிசையில எனக்கு அப்பறம் யாரும்மா?" என்று மட்டும் கேட்பார்.

ஆலமரத்தடியில் நாம் செங்கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு ஐயர் நடை நடந்து காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். நம்மில் நன்றாக நடந்து காட்டியவன் இன்று கமிட்டிச் செயலாளர். பேனருக்குக் காசு கொடுத்ததும் அவன்தான்.

அடிபம்புக்கு எதிரே தகரப் பெட்டி செய்கிற முஸ்லிம் பாய் ஒருவரின் கடை இருந்தது. டங் டங்கென்று தகரம் அடித்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் பெண்கள் கேலி அளவு மீறிப் போனபோது சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "கொழந்தைய இப்படிக் குடுங்க ஐயரே, நெனஞ்சிடப் போவுது" என்று வாங்கிக் கடைக்குள் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தண்ணீர் பிடித்து முடிகிற வரை குழந்தை பாய் கடையில்தான். தகரச் சத்தத்தில் அது நன்றாகத் தூங்கும்.

அப்பாவை நான் நைனா என்பேன். அவர்தான் அப்போது சபையில் மூத்த மூப்பர். மண்டியில் எடை போடுகிற வேலை. தராசில் முள் நேராக நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து, மனுஷர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டார். மண்டிக்கு வருகிற வியாபாரிகள் அவரைச் சீண்டினார்கள். "இன்னா மூப்பரே, உங்க ஐயர் குடம் தூக்கினு போறாரு? அந்தம்மாவுக்கு இன்னா, ரெண்டு கையும் இல்லியா?" நைனா வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையாமல் உட்கார்ந்திருப்பார். அவர் மானமே அந்த ரோஸ் குடத்தில் போகிற மாதிரி.

"ஆம்பளையா அவன்?" என்பார் அம்மாவிடம்.

அம்மா மோர் ஊற்றுவாள். எங்கள் வீட்டுத் தண்ணீர் முழுவதையும் அம்மாதான் எடுத்தாள். எனக்குத் தெரிந்து நைனா ஒரு சொம்பைக்கூடத் தானாக எடுத்துக் குடித்ததில்லை.

அப்போது நமக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. கைக்குழந்தையைப் பெற்றபோது ஐயரம்மாவுக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டிருந்தது. ஆபரேஷன் செய்கிற வரை அரைக் குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, தூக்கினால் உயிருக்கே வினை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கைப்பிள்ளை பால் மறக்கிற வரை ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண் தன் தாயிடம்கூட வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற நோய் அது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஐயரம்மா அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவரும் கொடுத்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. கோயிலுக்குள்ளேயே கூடுவார்கள். நாம் பின்னால் விரித்திருந்த பாயில் புளியங்கொட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தோம். நைனா ஆரம்பித்தார்.

"ஐயரே, ஊரு சிரிக்குது. அம்மாவுக்கு இன்னாதான் ஒடம்புக்கு?"

"ஒடம்பு சரியில்ல."

"அதான் இன்னான்னு கேக்குறோம். நல்லாதான நடக்குறாங்க, சிரிக்குறாங்க?"

"அத அவங்கதான் சொல்லணும். சபையில வெச்சு நான் சொல்ல மாட்டேன். அது எங்க வீட்டு விஷயம்."

பொருளாளர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஐயருக்கு ஏது வீடு? குருமனையே சபையோடதுதான!"

எல்லாரும் சிரித்தார்கள். ஆட்டத்தை விட்டுவிட்டு, என்னவென்று தெரியாமலே நாமும் சிரித்தோம். ஐயர் அங்கியை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தார்.

நைனா முடிவைச் சொன்னார். மாசியில் அறுப்பின் பண்டிகை வருகிறது. வழக்கப்படி ஐயரம்மா முதல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரவேண்டும். வந்துவிட்டால் எந்தப் பேச்சும் இல்லை. வராவிட்டால், இந்த ஐயர் எங்களுக்கு வேண்டாம் என்று மேலிடத்துக்கு எழுதி, கமிட்டி மொத்தமும் கையெழுத்துப் போடும்.

மேலிடத்துக்கு எழுதினால் குருமனையைக் காலி செய்ய வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுவிடும். சபையே வேண்டாம் என்று தள்ளிய ஐயரை அடுத்த சபையும் அப்படித்தான் பார்க்கும். இதெல்லாம் தெரிந்துதான் கேட்டார்கள்.

நம் சபையின் அறுப்பின் பண்டிகையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது பிளாஸ்டிக் தட்டில் ஆப்பிள் வைத்துக் கொண்டுவருகிறீர்கள். அப்போது மூங்கில் கூடை. விளைந்ததில் முதல் பங்கை அதில் அடுக்கி, கோயில் கேட்டிலிருந்து பீடம் வரை பெண்கள் வரிசையாகத் தலையில் சுமந்து வருவார்கள். வரிசைக்கு முன்னால் ஐயரம்மா. அவர் சுமப்பதுதான் முதல் கூடை, எல்லாவற்றையும்விட அதுதான் கனம். அடியில் நெல், மேலே காய்கள்.

அந்த வருஷம் யார் வயலில் என்ன விளைந்தது? மல்லாட்டை, அந்த வேர்க்கடலைகூடப் பொக்கையாகப் போயிருந்தது. பஜாரில் வண்டிக்காரனிடம் பேரம் பேசி வாங்கிய காய்களைத்தான் தங்கள் விளைச்சல் என்று கூடையில் அடுக்கினார்கள். கடவுளையே ஏமாற்றத் துணிந்தவர்கள் ஐயரைப் பற்றி விசாரித்தார்கள்.

பண்டிகைக்கு முந்தைய வாரம் எதற்கோ அம்மா என்னைக் குருமனைக்கு அனுப்பினாள். வாசலில் ஐயர் நடுப் பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். ஐயரம்மா பாயில் ஒருக்களித்துப் படுத்துப் பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வகிடு கோணப் போவுது பாருங்க."

"நேரா எடுத்தா, இவ நம்ம வீட்டுப் புள்ளன்னு யாருக்கும் தெரியாமப் பூடும்."

அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அப்பா, ரிப்பன இழுக்காத, கண்ணு மேல போவுது" என்றாள். மூவரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் நைனா இருக்கும்போது யாரும் அப்படிச் சிரித்ததில்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஐயரம்மா மெல்ல, "கேட்லேர்ந்து பீடம் வரைக்கும்தானங்க. நான் தூக்கிடறேன்" என்றார்.

"மறுபடியும் அந்தப் பேச்ச எடுத்தா இன்னிக்கி சோறு ஆக்க மாட்டேன்."

"நீங்க ஆக்குற சோத்துக்கு அதுவே மேலு."

அப்புறம்தான் அவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

பண்டிகை அன்று முதல் கூடையை நைனாவே அடுக்கினார். மரக்கால் நெல்லைக் கொட்டி, வாழைக்காய் சீப்பு வைத்து, அதற்கும் மேல் இரண்டு பரங்கிக்காயை வைத்தார். ஒன்று போதுமே என்று யாரோ சொன்னதற்கு, "இருக்கட்டும், அம்மாதான் நல்லா ரெஸ்ட்டு எடுத்துருக்குறாங்களே" என்றார். பெண்கள் கேட்டில் வரிசை கட்டினார்கள். என் அம்மாவும் அதில் நின்றாள். ஐயரம்மா கோயிலுக்குள் பெண்கள் உட்காரும் பக்கத்தில், மடியில் பையனோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது ஐயர் வெள்ளை அங்கியோடு வெளியே வந்தார். கேட்டு வரை நடந்தார். குனிந்து, முதல் கூடையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, பெண்கள் வரிசைக்கு முன்னால் நின்றார். "பாட்டு" என்றார்.

ஆர்மோனியக்காரருக்குக் கை ஓடவில்லை. ஒருவழியாகப் பாட்டு தொடங்கியது. ஐயர் நடந்தார். பின்னால் வந்த பெண்கள் கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பாட்டை மீறிச் சிரிப்பு கேட்டது. பொருளாளர் சத்தமாகவே, "மாதர் சங்கத்துல சேத்துக்குங்கம்மா" என்றார். கோயிலே குலுங்கியது. ஐயர் நேரே பீடத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூன்று பெண் பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூத்தவள் அழுதாள்.

பாதி வழியில் ஐயரம்மா எழுந்தார். பையனை மூத்தவள் மடியில் போட்டுவிட்டு வந்து ஐயருக்கு எதிரே நின்றார். என்ன சொன்னார் என்று முன்வரிசைக்காரர்களுக்குத்தான் கேட்டது. "குடுங்க. போதும், சிரிச்சது போதும்."

ஐயர் கூடையோடு தலையை அசைத்தார். நெல் சிந்தியது. ஐயரம்மா இரண்டு கையாலும் கூடையைப் பிடித்தார். இழுத்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று விட்டாரோ, அந்தம்மாவின் முகத்தைப் பார்த்து விட்டாரோ, அவர் கை தளர்ந்தது. ஐயரம்மா கூடையைத் தலையில் ஏற்றினார். ஒரு கையைக்கூடத் துணைக்குப் பிடிக்காமல், மிச்ச தூரத்தை நேராக நடந்தார்.

"ஸ்தோத்திரம்!" என்று கூட்டம் முழங்கியது. சிரித்த வாய்கள்தான்.

நைனா பக்கத்து ஆளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "பாத்தியா? இத்தினி நாளா நாடகம்!"

ஐயரம்மா கூடையை பீடத்தின் முன்னால் இறக்கி வைத்தார். நிமிர்ந்தவர் மரக் கிராதியைப் பிடித்துக்கொண்டார். புடவை ஓரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் ரத்தம் இறங்கியது. முதலில் யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. ஏதோ கூடையிலிருந்து பழம் நசுங்கி ஒழுகுகிறது என்று ஒரு கிழவி குனிந்து பார்த்தாள்.

ஐயர் ஓடி வந்து மனைவியை இரண்டு கையிலும் ஏந்தி, அங்கியோடு தெருவில் இறங்கினார். கூட்டம் வழி விட்டது, அவ்வளவுதான் செய்தது. தகரக் கடை பாய்தான் பெட்டி ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில் கோணியை விரித்து, அந்தம்மாவைக் கிடத்தி, ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். ஐயர் ஒரு கையால் மனைவியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள்.

நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? இதைத்தான் மேடையில் சொல்ல நினைத்தேன். நைனா எழுந்து நின்று, "உக்காருங்க, உக்காருங்க. ஆராதனைய பாதில நிறுத்தக் கூடாது" என்றார். தரையைக் கழுவினார்கள். ஐயருக்கு அடுத்தபடியாக இருந்த உபதேசியார் மிச்ச ஜெபத்தைச் சொல்லி முடித்தார். காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவதை நாளைக்குத் தள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். "காய்கறி வாடிடும்" என்றார் பொருளாளர். ஏலம் நடந்தது. அந்த இரண்டு பரங்கிக்காயையும் கேட்க ஆளில்லை என்றதும் நைனாவே எடுத்துக்கொண்டார். பிறகு அன்பின் விருந்து. அன்பாம்! பந்தியில் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கியவர்கள் உங்களில் இருக்கிறார்கள்.

ஐயரம்மாவைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இழுபறிக்குப் பிறகு பிழைத்தார். விஷயம் வெளியே வந்ததும் நம் பெரியவர்கள் திருந்திவிட்டார்கள் என்று யாராவது நினைத்தால் அவர்களை நீங்கள் அறியவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாம இன்னா கல்லா?" என்று குற்றத்தை ஐயர் மேலேயே போட்டார்கள். அவர் மேல் எனக்கும் கோபம் உண்டு. சத்தியமாவது மண்ணாவது, சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், சொல்லியிருந்தால் அந்தம்மாவின் கர்ப்பப்பை அன்று மாலையே அடிபம்புக்கு வந்திருக்கும். கல்லா என்று கேட்டார்களே, கல் வாய் பேசாது.

ஐயர் ஊழியத்தை விடவில்லை. தானே கேட்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். கடைசி வரை அதே மோசமான பிரசங்கத்தோடு ஊழியம் செய்து, ரிட்டையராகி, அந்தம்மா பக்கத்தில் இருக்கும்போதே செத்துப்போனார் என்று கேள்விப்பட்டேன். நினைவுக் கூட்டத்தில் செயலாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னான். ஐயர் இந்த ஊரை விட்டுப் போகும்போது நம் பெற்றோர்களை மன்னித்து, ஆசீர்வதித்துவிட்டுப் போனாராம். நீங்களும் ஆமென் சொன்னீர்கள். நான் அன்று அங்கே இருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாமான்களை எடுத்துப்போக ஒரு மாட்டு வண்டியோடு ஐயர் தனியாக வந்தார். பாயும் அவரும்தான் ஏற்றினார்கள். கட்டில், தகரப் பெட்டிகள், பிள்ளைகளின் சிலேட்டு, தொட்டில் கம்பு. கடைசியில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது கமிட்டி வந்து கேட்டில் நின்றது. நைனா கையில் ஒரு சம்பங்கி மாலை.

"ஐயரே, அம்மாதான் கூடைய எடுத்துட்டாங்களே. நாங்க மேலிடத்துக்கு எழுதல. விட்டுட்டோம். நீங்க இங்கயே இருக்கலாம். மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க. நீங்களே மன்னிக்கலன்னா யாரு மன்னிப்பா?"

நைனா அதைப் பெரிய மனதோடுதான் சொன்னார். ஐயர் முடிச்சை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. பாய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். ஐயர் திரும்பி, மாலையையும் நைனாவையும் பார்த்தார். ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனை அப்படிப் பார்த்து நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கோபம் இருந்திருந்தால் நைனா தாங்கியிருப்பார். அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

"கொஞ்சம் நகந்துக்குங்க" என்றார். "வண்டி போவணும்."

நைனா நகர்ந்தார்.